உள்ளூர்ப் பூச்சி, வெளியூர்ப் பூச்சி

மூட்டைப்பூச்சிக்குச் சொந்த ஊர் உண்டா? உண்டு என்று ஒரு மனிதர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார், படித்தவர் படிக்காதவர் எல்லோரும் அதை நம்பினார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரியுங்கள். ஆனால் வாடகை வீட்டில் குடியிருந்து பார்த்தவர்கள் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கமாட்டார்கள்.

அவருக்குப் பூச்சி டாக்டர் என்று பெயர். யாரோ விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் அவர் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். வாங்கிப் போன மெத்தையில் பூச்சி என்று ஓர் அம்மாள் கடை வாசலில் நின்று கத்தியபோது, முதலாளி ஒரு மருந்து டப்பாவை இவர் கையில் திணித்து, "போய் அடிச்சுட்டு வா, இல்லேன்னா இந்தப் பக்கமே தலைகாட்டாதே" என்று விரட்டினார். போனார், அடித்தார், பூச்சி ஒழிந்தது. மெத்தை விற்ற காலத்தில் ஒரு ஜீவனும் காட்டாத மரியாதையை அந்த அம்மாள் காட்டினாள். அதோடு மெத்தைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மருந்து பம்பை முதுகில் மாட்டிக்கொண்டார்.

அந்தத் தொழிலில் பூச்சியைக் கொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. யார் காசு கொடுப்பது என்பதுதான் உயிரை வாங்கும். குடித்தனக்காரர் கொண்டுவந்த பூச்சி என்றால் அவர் செலவு, கட்டிடத்திலேயே இருந்த பூச்சி என்றால் வீட்டுக்காரர் செலவு என்று எல்லா ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்! பூச்சி என்ன, நெற்றியில் முகவரியை ஒட்டிக்கொண்டா திரிகிறது?

ஒருநாள் ஒரு வீட்டில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. முடிகிற வழியாக இல்லை. முதுகில் பம்பு கனக்கிறது, தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பூச்சியைப் பிடித்துச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது வெளியூர்ப் பூச்சிங்க" என்றார். "உள்ளூர்ப் பூச்சின்னா நேரா சுவரப் பார்த்து ஓடும். இது தயங்குது பாருங்க. புது இடம், வழி தெரியல."

இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்கள். "ஆமாங்க, முழிக்குது" என்றார் வீட்டுக்காரர். குடித்தனக்காரர் வாயை மூடிக்கொண்டு காசை எடுத்துக் கொடுத்தார். டாக்டருக்கே தூக்கிவாரிப் போட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பாட்டிலைத் தூக்காமல் பம்பைத் தொட்டால், "என்ன டாக்டர், பார்க்காமலே அடிக்கிறீங்க?" என்று ஜனங்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. ஆனால் அடுத்த வேலைக்குக் கூப்பிடப் போவது வீட்டுக்காரர்தானே? அதனால் பெரும்பாலான பூச்சிகள் வெளியூர்ப் பூச்சிகளாகவே அமைந்தன. ஒரு மனச் சமாதானத்துக்குக் குடித்தனக்காரரின் சமையலறைக்கு இலவசமாகக் கரப்பான் மருந்து வைத்துவிட்டு வருவார்.

அப்பேர்ப்பட்டவர் கட்டிலிலேயே பூச்சி வந்து சேர்ந்தது. தொழிலுக்குக் கொண்டுபோகும் பையில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கையிலும் கழுத்திலும் தடிப்போடு எழுந்த மனைவி, ஒரு பூச்சியைக் காகிதத்தில் வைத்து நீட்டினாள்.

"ஏங்க, இது உள்ளூரா, வெளியூரா?"

"மெதுவாப் பேசுடி!"

பயப்படாமல் என்ன செய்வார்? அவர் இருப்பதே வாடகை வீட்டில். வீட்டுக்காரர் மேல்மாடியில். விஷயம் வெளியே போனால் கட்டிடம் முழுவதற்குமான செலவை இவர் தலையில் கட்டிவிடுவார். அதைக்கூடச் சமாளிக்கலாம், பூச்சி டாக்டர் வீட்டிலேயே பூச்சி என்று பெயர் நாறிவிட்டால் பிறகு எவன் கதவைத் திறப்பான்? பம்படித்தால் சத்தம் எல்லா மாடிக்கும் கேட்கும். ஆகவே டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் ஓவியத் தூரிகையால் கட்டில் இடுக்குகளில் மருந்து தடவினார். மருந்து வாடை வெளியே தெரியாமலிருக்க மனைவி அடுப்பில் வெங்காயம் வதக்கினாள். "உங்க வீட்டுல தினம் விருந்து போலிருக்கு" என்று எதிர்வீட்டுக்காரர் பொறாமைப்பட்டார். பூச்சிகளும் விருந்தென்றே நினைத்தனவோ என்னவோ, ஒன்றும் குறையவில்லை.

இந்த லட்சணத்தில்தான் கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் பூச்சி கண்டது. கணவன் இல்லாதவள், பள்ளிக்குப் போகும் ஒரு மகள். குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வீட்டுக்காரர் பாய்ந்துகொண்டு இறங்கி வந்தார். ஊர்த்துணியெல்லாம் இவள் வீட்டுக்குத்தானே வருகிறது, இவள்தான் கொண்டுவந்தாள், எல்லா வீட்டுக்கும் மருந்தடிக்கிற செலவைக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் காலி செய்யட்டும் என்றார். எதற்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடட்டும் என்றும் சொன்னார்.

"போன வாரம் நம்ம பொண்ணு சட்டைய இடுப்புல பிடிச்சுத் தரச்சொல்லி நான்தான் அந்த அக்காகிட்ட குடுத்தேன்" என்றாள் மனைவி. "எந்த அலமாரியிலேருந்து எடுத்தேன்னு உங்களுக்கே தெரியும்."

"எல்லார் வீட்டுத் துணியுந்தான் அங்க போகுது."

"எல்லார் வீட்டுலயும் தினம் வெங்காயமா வதக்கறாங்க?"

அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாவின் வாசலில் கட்டிடமே திரண்டுவிட்டது. படிகளில் இடமில்லை. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். தையல்காரம்மா தானே ஒரு பூச்சியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றாள்.

டாக்டர் பாட்டிலைத் தூக்கினார். பூச்சி அம்பு மாதிரி சுவரைப் பார்த்து ஓடியது.

"உள்ளூர்!" என்று படியிலிருந்து ஒரு குரல்.

"பாட்டிலைத் திருப்பிப் பிடிங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

திருப்பினார். இப்போது தெருவைப் பார்த்து ஓடியது. இன்னொருமுறை திருப்பச் சொன்னார்கள். பூச்சிக்கே தலை சுற்றியிருக்கும், நடுவில் நின்றுவிட்டது.

"நின்னுடுச்சு! தயங்குது! வெளியூரேதான்!" வீட்டுக்காரர் கைதட்டினார். "சொல்லுங்க டாக்டர்!"

டாக்டர் நிமிர்ந்தார். படியில் நின்ற மனைவி இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... எங்க வீட்டுப் பூச்சிங்க."

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "டாக்டருக்கு இளகின மனசு" என்றார் எதிர்வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்கோ கோபம் தலைக்கேறியது. "தர்மம் பண்ண வேற இடமே கிடைக்கலையா? உங்க வீட்டுல எப்படிங்க பூச்சி இருக்கும்? நீங்கதானே டாக்டரு!"

"சத்தியமா எங்க வீட்டுலதாங்க இருக்கு!"

"சும்மா இருங்க டாக்டர்."

உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. பொய் சொன்னபோது கைகட்டிக் கேட்டவர்கள்! டாக்டர் கெஞ்சினார், அதட்டினார், சட்டையைத் தூக்கி இடுப்புத் தடிப்பைக் காட்டினார். வேர்க்குரு என்றார்கள். கடைசியில் அவரும் மனைவியுமாகக் கட்டிலைத் தங்கள் வீட்டு வாசலுக்கு இழுத்து வந்து, துடைப்பக் கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டார்கள். பொலபொலவென்று கொட்டியது. படியில் நின்றவர்கள் ஐயோ அம்மா என்று ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டுக்காரர் சுதாரித்துக்கொள்ள நேரமே ஆகவில்லை. "அப்போ எல்லா வீட்டுக்கும் உங்க செலவு. ரசீது வேணும் எனக்கு."

"என் மருந்து, நானே அடிக்கப் போறேன். யாருகிட்ட வாங்கினதுக்குங்க ரசீது?"

"உங்ககிட்டேருந்து நீங்க வாங்கினதுக்கு. கணக்குன்னா கணக்கா இருக்கணும்."

"எழுதித் தர்றேன். இன்னொண்ணுங்க, இந்த உள்ளூர் வெளியூர்லாம் சும்மா. பூச்சிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

"இன்னிக்கு உங்களுக்கு மனசு சரியில்ல" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்காரர் மேலே போய்விட்டார்.

கூட்டம் கலைந்து, கட்டிலை உள்ளே போட்டுவிட்டு உட்காரப் போகும்போது வாசலில் தையல்காரம்மா நின்றிருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று டாக்டர் கூச்சப்பட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு என்னை ஞாபகமில்ல போலிருக்கு. போன வீட்டுக்கும் நீங்கதான் வந்தீங்க."

டாக்டர் எத்தனை யோசித்தும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ வீடுகள்.

"பாட்டில்ல பார்த்துட்டு வெளியூர்னு சொன்னீங்க. பணத்தைக் கட்டிட்டுக் காலி பண்ணினோம். அதுவும்... இப்படித்தானா?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "ஆமாம்மா" என்றார். வெட்கத்தில் அவர் உடம்பே கூசியது.

அவள் திட்டவில்லை.

"அதுலேருந்து நான் யார் வீட்டுலயும் உட்கார்றதில்லண்ணே. கூடப்பிறந்தவ வீட்டுக்குப் போனாக்கூட நின்னுக்கிட்டே பேசிட்டு வந்துடுவேன். எம்பொண்ண யார் வீட்டுக்கும் விளையாட அனுப்பினதில்ல. எங்க மேலதான் பூச்சி இருக்கு, நாங்க போற இடமெல்லாம் கூடவே வருதுன்னு நெனச்சுட்டேன்."

மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "உள்ள வாங்கக்கா, முதல்ல உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது. "ஐயய்யோ, வேணாம்க்கா! அதுலயும் பூச்சி இருக்கு!"

"இருக்கட்டும்" என்றாள் தையல்காரம்மா. நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் நாற்காலியின் கைகளில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா. மெதுவாவே எடுத்துட்டு வா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."