பிட்டுப் பார்த்த பன்

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய அக்கானி பகல் வெயிலில் கிடந்து நுரைத்துப் புளிக்கும்போது எழும் வாடையும், சீனிப்பாகில் வேகும் நாரத்தங்காய்த் தோலின் கசப்பு மணமும் ஒன்றாகக் கலந்து பக்கத்து வீட்டிலிருந்து வேலியைத் தாண்டி எங்கள் அடுக்களைக்குள் வரும். பதநீரை நாங்கள் அக்கானி என்றுதான் சொல்வோம். அந்த மணம் வந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். என் அம்மா அடுக்களை ஜன்னலைச் சாத்துவாள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மணத்தை நினைத்தால் எனக்கு முதலில் எச்சில் ஊறுகிறது, உடனேயே ஜன்னல் சாத்தும் சத்தமும் கேட்கிறது.

குழித்துறை ஆற்றிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்துவந்தார். சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மா, நான், அப்பாவின் தம்பி ஐசக் சித்தப்பா ஆகிய மூவர்தான். சித்தப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் சார். முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து வீடு பல வருடங்கள் பூட்டிக் கிடந்து, அதில் தெக்லா அக்கா வந்து தனியாகக் குடியேறியபோது எனக்குப் பத்து வயது.

தெக்லா அக்கா கன்னியாஸ்திரீ ஆவதற்காக ரோமாபுரிக்குப் போனவள். அங்கே மடத்து அடுக்களையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, துறவு வார்த்தைப்பாடு கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. மடத்தில் எதையோ திருடினாள் என்றார்கள், வெள்ளைக்காரன் ஒருவனோடு பழக்கம் என்றார்கள், பேய் பிடித்தது என்றும் சொன்னார்கள். தோளளவுக்குக் குட்டையாக இருந்த அவளுடைய தலைமுடி இந்த மூன்றுக்கும் சாட்சியாயிற்று. நாங்கள் மிஷன் சபைக்காரர்கள், அவள் கத்தோலிக்கப் பெண் என்பதும் அம்மாவின் கணக்கில் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமைதோறும் அவள் பன் சுடுவாள். நீளவாட்டில் உருட்டி, மேலே பளபளவென்று பாகு பூசி, நடுவில் கீறிப் பிளந்து, அந்தப் பிளவு முழுக்கப் பால் ஏட்டை அடித்து நுரைக்கவைத்து நிரப்பிய பன். ரோமாபுரியில் அதன் பெயர் மரித்தோசோ என்று சொன்னாள். எங்கள் ஊர் வாயில் அது 'வாப்பொளந்தான்' ஆயிற்று. வாயைப் பிளந்துகொண்டு வெள்ளை நாக்கை நீட்டுவதுபோல்தான் அது இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்து அனுப்புவாள். எங்கள் வீட்டுக்கு வருவதைச் சித்தப்பா தின்பார், நானும் தின்பேன். அம்மா தொடமாட்டாள்.

அம்மாவின் பயம் கைவிஷம். அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவனை வசப்படுத்த நினைப்பவர்கள் தின்னும் பண்டத்துக்குள் எதையாவது மறைத்துத் தங்கள் கையாலேயே கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு அவனைக் கொடுத்தவர் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை. ஞாயிறுதோறும் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடும் என் அம்மா இதைப் போதகரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் சித்தப்பா சனிக்கிழமை மாலைகளில் வேலியோரம் நின்று சிரிப்பதைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"ஏலே, அவ மாவுல என்னத்தப் போடுதான்னு போய் பாத்துட்டு வா. மாவப் பாக்காத, கையப் பாரு, கேட்டியா? கையத்தான் பாக்கணும்" என்று என்னை அனுப்பினாள்.

அப்படித்தான் நான் உளவாளியானேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போனால் பன் கிடைத்தது. திரும்பி வந்தால் அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காத அம்மா, அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டாள். பனையேறி வேலி இடுக்கில் வைத்துவிட்டுப் போகும் சின்ன அக்கானிக் கலயத்தைப் பற்றிச் சொன்னேன். மாவைப் புளிக்கவைக்க அக்காவுக்கு வேறு வழியில்லை. எனக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் "கலயத்த துணியால மூடி வச்சிருக்கா" என்று மட்டும்தான் சொன்னேன். கிணற்றுக்குள் கயிற்றில் எதையோ தொங்கவிட்டிருக்கிறாள் என்றேன். பால் குளிர்ந்து ஏடு கட்டுவதற்காக விட்டிருந்த தூக்குப் பாத்திரம் அது. கம்பியால் முடைந்த கூடு ஒன்றை வைத்து வெள்ளையாக எதையோ ஓயாமல் சுழற்றுகிறாள் என்றேன். பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால் நான் விட்டுவிட்டுச் சொன்ன இடங்களை எல்லாம் அம்மா நிரப்பிக்கொண்டாள்.

தெக்லா அக்காவுக்கு நான் எதற்கு வருகிறேன் என்பது தெரியும். உருளியில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டில் பன்களை அடுக்கி, மூடியின் மேல் சிரட்டைக் கனலை அள்ளிக் கொட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"வா மக்கா. இண்ணைக்கும் அம்ம அனுப்பினாளா? நல்லாப் பாத்துக்கோ. முட்ட போட்டாச்சு, வெண்ண போட்டாச்சு, காஞ்ச திராட்சையும் பாகுல வெந்த நாரத்தந்தோலும் போட்டாச்சு. இனி கண்ண மூடி ஒரு மரியே வாழ்க சொல்லுவேன். அதையும் விடாம போய்ச் சொல்லு."

ஒரு சனிக்கிழமை சித்தப்பா வேலிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவசுகாலம் தொடங்கிவிட்டிருந்தது.

"நோம்பு காலத்துல இப்பிடிப் பாலாடையும் வெண்ணெயும் திங்கதுக்கு உங்க போப்பாண்டவர் சம்மதிச்சாரா?" என்று கேட்டார்.

"அங்க தவசுகாலத்துலதான் சாரே இதத் தின்னுவாங்க. மார்ச்சு மாசம் முதல் வெள்ளிக்கிழம, பயலுவ கல்யாணம் கெட்டப்போற பிள்ளைக்கு இதத்தான் கொண்டு குடுப்பானுவ. செலவன் பன்னுக்குள்ள மோதிரம் வச்சிருப்பான்."

"கடிச்சுப் பல்லு போச்சுன்னா?"

"பல்லு போனா என்ன, மாப்பிள கெடச்சாச்சே."

இருவரும் சிரித்தார்கள். சித்தப்பாவின் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், மோதிரக் கதையை மட்டும் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்று நினைத்ததால் அல்ல. அதில் சந்தேகப்பட எதுவும் இல்லாததால் அது சொல்லத் தகுந்ததாகவே எனக்குப் படவில்லை.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்காகவே தெக்லா அக்கா முந்தின நாளே மாவு பிசைந்து, காலையில் பன்களை அனுப்பியிருந்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த சித்தப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சிறிது நேரம் கழித்து வாழையிலையில் பொதிந்து என்னிடம் தந்தார்.

"மக்கா, இத தெக்லா கையில குடு. நான் தந்தேன்னு சொல்லு. வேற யார் கையிலயும் குடுத்துராத."

கிணற்றடியைச் சுற்றித்தான் போகவேண்டும். அங்கே அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கையில என்னது?"

அம்மா என் கையிலிருந்து பொதியை வாங்கிப் பிரித்தாள். பன்னின் வாயிலிருந்த பாலாடை கலைந்திருந்ததைக் கண்டதும் மீன் அறுக்கும் பிச்சாத்தியை எடுத்து அங்கேயே கல்லின் மேல் வைத்துக் குறுக்காக வெட்டினாள். கத்தி எதிலோ இடித்து நின்றது. விரலால் பிட்டுப் பார்த்தாள். பாலாடைக்குள் ஒரு மெல்லிய பொன் மோதிரம். அதன் அடிப்பக்கத்தில் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

அம்மாவின் முகத்தில் அப்போது பயம் இல்லை. இத்தனை மாதம் தான் சொன்னது மெய்யாகிவிட்ட நிறைவுதான் இருந்தது. நூலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இத யாரு தந்தா?"

அந்த மோதிரம் என்ன என்று எனக்குத் தெரியும். யார் வைத்தது, யாருக்காக வைத்தது என்று தெரியும். அந்த ஊரில் அந்த மூன்றும் தெரிந்த ஒரே ஆள் சித்தப்பாவுக்கு அடுத்தபடியாக நான்தான். ஆனால் வாரக்கணக்காகக் கலயத்தையும் கயிற்றையும் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது கடைசியில் கையில் கிடைத்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"தெக்லா அக்கா" என்றேன். "சித்தப்பாவுக்குக் குடுக்கச் சொன்னா."

"இனி எவளாவது எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு சொல்லட்டும்" என்றாள் அம்மா.

மோதிரத்தை இலையோடு சுருட்டி என்னிடமே தந்து, பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னாள். எறிந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வைத்தியரிடமிருந்து ஏதோ மருந்து வாங்கிவந்து சித்தப்பாவின் காப்பியில் கலந்தாள். கைவிஷத்தை வாந்தியில்தான் இறக்கவேண்டும். அவர் அன்று முழுக்கக் குடலே வெளியே வருவதுபோல் வாந்தியெடுத்தார். சாயங்காலம் சோர்ந்து கட்டிலில் கிடந்தவர் என்னை அருகே கூப்பிட்டார்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"நான் தந்தேன்னு பறஞ்சியா?"

"பறஞ்சேன்."

"அவ என்ன பறஞ்சா?"

"ஒண்ணும் பறயல்ல. வாங்கிட்டு கதவ அடச்சுட்டா."

முதல் பொய்க்கு வயதைக் காரணம் சொல்லலாம், பயத்தையும் சொல்லலாம். கதவை அடைத்தாள் என்பதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதை நானாகவே சேர்த்தேன்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லமுடிகிறது. பன்னில் கைவிஷம் இருந்தது என்று மட்டும் அம்மா ஊரில் சொன்னாள், மோதிரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. யாரும் பன் வாங்குவதில்லை என்றாயிற்று. வாங்கியவர்களும் வாழைத்தடத்தில் எறிந்தார்கள். ஒருநாள் தெக்லா அக்கா வழியில் என்னை நிறுத்தி, "ஏன் மக்கா இப்ப வரது இல்ல? சித்தப்பாவுக்கு சுகமில்லையா?" என்று கேட்டாள். நான் ஓடிவிட்டேன். சித்தப்பாவோ வேலிப்பக்கம் தலைகாட்டவே இல்லை. மோதிரத்தை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாதவள் என்று அவர் அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் ஏசியபோது எட்டிப் பார்க்காதவர் என்று அவள் அவரைப் பற்றி நினைத்திருப்பாள். மழை தொடங்குவதற்கு முன் ஒரு கறுப்புப் பெட்டியோடு கொல்லத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். மறுபடி ரோமாபுரிக்கே போய்விட்டாள் என்று சொன்னார்கள். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நூலின் பொருள் எனக்கு என் கல்யாணத்துக்கு மறுவாரம்தான் தெரிந்தது. நான் போட்ட மோதிரம் தளர்வாக இருந்ததால் என் மனைவி அதன் அடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தெக்லா அக்காவின் விரல்கள் மெலிந்தவை. சித்தப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சுற்றியது அதற்காகத்தான். என் அம்மாவின் மோதிரத்திலும் நூல் சுற்றியிருந்தது என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் பன்னைப் பிட்ட அந்த விரலில்தான் அது இருந்தது. அப்படியென்றால் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்குமோ, புரிந்தேதான் என்னிடம் கேட்டாளோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தச் சந்தேகம் எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை நான் நம்புவதில்லை.

அம்மா போன பிறகு, சித்தப்பாவுக்கு எண்பது வயது நெருங்கும்போது, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பார், அல்லது அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இத இப்ப எதுக்குலே என்கிட்ட சொல்லுதே?" என்றார். பிறகு, என்னிடம் அல்லாமல் தனக்குள், "இத்தன காலமும் அவள களவாணின்னுல்லா நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. என் பாரத்தை இறக்கிவைத்தேன் என்று நினைத்தேன். அதை அவர் தலையில்தான் வைத்திருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

இப்போது நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் ஷைனி வீட்டிலேயே கேக்கும் பன்னும் சுட்டு விற்கிறாள். போனில் ஆர்டர் வருகிறது. இந்த வருடம் மரித்தோசோ சுடுகிறாள். மாவு பாக்கெட் ஈஸ்ட்டில் பொங்குகிறது, பாலாடை அட்டைப்பெட்டியில் வருகிறது, மின் அடுப்பு வெந்ததும் மணியடிக்கிறது. அக்கானியின் வாடை அதில் இல்லை. தெக்லா அக்காவின் வீடு இருந்த இடத்தில் டயர் கடை நிற்கிறது, பனைகள் போய்விட்டன, கைவிஷம் என்றால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் மட்டும் எந்தப் பன்னையும் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைப்பதில்லை.

"எதுக்கு மாமா ஒவ்வொண்ணையும் பிட்டுப் பாக்கிய? முடி கெடக்கா?" என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். நான் அடுத்ததை எடுத்துப் பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். யாரோ ஒரு பையன் மோதிரம் தந்து, பன்னுக்குள் வைத்து அவன் கட்டப்போகிற பெண்ணிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறானாம். வீடு பக்கத்துத் தெருதான், நீங்களே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்டாள். என்னை நம்பித் தராதே அம்மா என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. பிறகு, "டெலிவரி பையனையே வரச் சொல்லுதேன் மாமா" என்று போனை எடுத்தாள். அது நியாயம்தான்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசல் கேட்டருகே நின்றேன். அரைமணி நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து படம் வந்தது. ஷைனி போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மெலிந்த விரல், அதில் மோதிரம்.

"பிடிச்சிருக்காம். ஆனா கொஞ்சம் லூசா இருக்காம்" என்றாள்.

நூல் சுற்றிக்கொள்ளச் சொல் என்றேன்.