ஆவடியில் இறங்கிப் போன கார்பன்

எங்கள் பழைய காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. திருநின்றவூர் மெக்கானிக், சார்ஜ் ஏற்றும் டைனமோவான ஆல்டர்னேட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்து, அம்பத்தூரில் ஓர் எலக்ட்ரிக் கடைக்குப் போகச் சொன்னார். மறுநாள் காலை மகளையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் அழைத்து வருவேன் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தேன்.

ஆல்டர்னேட்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தேன். எதிரே ஆவடி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் இருவர்.

"இன்னா சார், பலாப்பழமா?" என்றார் மீசைக்காரர்.

பதில் சொல்லக் கூச்சப்பட்டுத் துண்டை விலக்கிக் காட்டினேன். உடனே அது அவர் மடிக்குப் போய்விட்டது. சக்கரத்தைச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார்.

"பேரிங் பூட்ச்சு."

"உனக்கு எல்லாமே பேரிங்தான்யா," என்றார் பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரர். "போன வாரம் என் ஊட்டு மிக்சிக்கும் அதையேதான் சொன்ன. இது கார்பன்."

சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே உரசித் தேயும் கார்பன் கட்டை இருந்த சின்னத் துண்டை உருவியும்விட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "கவலப்படாதீங்க சார்," என்றார். மூடிக்கொண்டேன்.

ஆவடி வந்தது. மீசைக்காரர் ஆல்டர்னேட்டரை என் மடியில் வைத்து, "பேரிங்தான் சார்," என்று இறங்கினார். கண்ணாடிக்காரர் கார்பனைக் கையில் பிடித்தபடியே சண்டை போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனார்.

நானும் ஆல்டர்னேட்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். பெயர் தெரியாது. "சார்" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். அத்தனை பேரிடமும் என்ன சொல்வதென்று தெரியாமல் ஆல்டர்னேட்டரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளிப் போனார்.

கண்ணாடிக்காரர் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்து கார்பனை என் கையில் வைத்தார்.

"நல்ல வேள கூப்ட்டீங்க. இத்தோட பேக்டரி கேட்டுக்குள்ள போயிருந்தா செக்யூரிட்டி என்னையே பிரிச்சுப் பாத்திருப்பான்."

அடுத்த ரயிலில் அம்பத்தூர் போனேன். கடைக்காரர் கார்பனைப் பார்த்தார். "தேஞ்சு போச்சுண்ணே," என்று அதைக் குப்பை டப்பாவில் போட்டார்.

"பேரிங்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதுவும் போச்சு."

இரண்டையும் மாற்றினார். மாலையே மெக்கானிக் அதைக் காரில் மாட்டினார். மறுநாள் ஒரே சாவியில் வண்டி கிளம்பியது. பேத்தி வீடு வரும்வரை தூங்கினாள். டைனமோவை எங்கே சரி செய்தீர்கள் மாமா என்று மாப்பிள்ளை கேட்டார். அம்பத்தூரில் என்று மட்டும் சொன்னேன்.