ஆடாத பூட்டு

பூட்டு ஆடியது உண்மை. அதை வத்தலக்குண்டு மாமா ஆட்டினாரா, நிலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீர் ஆட்டியதா என்பதில்தான் எனக்கும் எங்கள் வீட்டாருக்கும் வழக்கு.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வறண்ட வருஷம். வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். சர்க்கரை டப்பாவில் ஒரு கரண்டி குறைந்தால் எறும்பைக்கூட நிறுத்தி விசாரிப்பேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். சிலருக்குப் பிறவியிலேயே ஒற்றைத் தலைவலி இருக்கிறது. எனக்குச் சந்தேகம்.

செம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அறிவியல் டீச்சர் தனி ஊசல் பாடம் எடுத்தார். ஊசல் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குண்டு. ஆனால் குண்டுகள் இருந்த பீரோவின் சாவி, பிரசவத்துக்கு லீவு போட்டுப் போன இன்னொரு டீச்சரோடு போய்விட்டது. "வீட்ல கனமா எது இருந்தாலும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்கடி" என்றார் எங்கள் டீச்சர். வேறு ஊராயிருந்தால் பிள்ளைகள் கல்லைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருப்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ அண்ணனோ பூட்டுப் பட்டறையில் இருந்தார்கள். மறுநாள் மேஜை கொள்ளாமல் பூட்டு. நகைப்பெட்டிக்குப் போடுகிற சுண்டுவிரல் பூட்டு, மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புகையிலைக் குடோன் பூட்டு. இத்தனை பூட்டு வந்தும் பீரோவைத் திறக்க ஒரு சாவி வரவில்லை.

டீச்சர் குடோன் பூட்டையும் சுண்டுவிரல் பூட்டையும் ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். நூலின் நீளத்தைப் பூட்டின் காது வரை அளக்கக் கூடாதாம், அதன் நடுவயிறு வரை அளக்க வேண்டுமாம். அப்படி அளந்து கட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். தடியனும் பொடியனும் ஜோடி போட்டுக்கொண்டு சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தார்கள். எனக்கு டீச்சர் மேல்தான் முதல் சந்தேகம். மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் நானே கட்டிப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே வந்தது. அன்றிலிருந்து டீச்சர் சொன்ன எதையும் நம்பலாம் என்று முடிவு செய்தேன். என்னிடம் அந்த மரியாதையைப் பெற்றவர்கள் அப்போது வேறு யாரும் இல்லை.

டீச்சர் சொன்னதில் ஒன்று மனதில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. "எதுவும் தானா ஆடாதுடி. ஆடுதுன்னா, ஆட்டுனது எதுன்னு தேடுங்க."

இந்தப் பாடம் நடந்த மாதத்தில்தான் எங்கள் கிணறு வற்றியது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான பழைய கிணறு அது. கல் விழுகிற நேரத்தையும் சத்தம் மேலே வருகிற நேரத்தையும் வைத்து ஆழம் கண்டுபிடிக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், ஒருநாள் சாயங்காலம் போய் ஒரு கல்லைப் போட்டேன். ளொபக் என்று வரவேண்டிய இடத்தில் ணங் என்று வந்தது. அடிப்பாறை. கணக்குப் போட மனம் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அப்பா அதிகம் பேசாதவர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "செடி காஞ்சு போச்சுன்னா ஒம்பதோட நிப்பாட்டிருவோம். டவுனுக்குப் போயிப் படிச்சது போதும்." என்னைத்தான் சொன்னார். பஸ், பள்ளிக்கூடம், ஜன்னல் கம்பியில் ஆடும் பூட்டு எல்லாம் அந்தக் காய்ந்த கிணற்றுக்குள் போய் விழுந்தது போல் இருந்தது.

புதுக் கிணறு வெட்ட வேண்டும். தனியாக வெட்ட அப்பாவாலும் ஆகாது, பெரியப்பாவாலும் ஆகாது. சேர்ந்து வெட்டலாம் என்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மோட்டார் முறையில் வந்த சண்டை. யார் முறையில் யார் தண்ணீர் பாய்ச்சினார் என்று ஆரம்பித்து, கிணற்றில் தண்ணீர் தீர்ந்த பிறகும் சண்டை தீரவில்லை. பேச்சு இல்லை என்றாலும் இருவர் காடும், அதாவது தோட்டமும், பக்கத்துப் பக்கத்தில், சொல்ல வேண்டியது ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் சாடை பேசுவது என்று ஒரு வழி உண்டு. பெரியப்பா வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று தன் மாட்டைப் பார்த்து, "ஏ மாடு, ராத்திரி பைப்பைத் தொறந்து போட்டது யாருன்னு கேளு" என்பார். அப்பா இந்தப் பக்கம் எங்கள் நாயைப் பார்த்து, "தொறந்தது காத்துன்னு சொல்லு" என்பார். மாடும் நாயும் தங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். சில சமயம் நாய் கிடைக்காவிட்டால் என்னை நிறுத்தி வைத்துப் பேசுவார்கள்.

இந்த நிலைமையில் அம்மா தன் தம்பியை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாமாவுக்குச் சைக்கிள் கடை. நீரோட்டம் பார்ப்பது அவருடைய உபதொழில். சாவி தொலைந்த ஒரு பித்தளை மாங்காய்ப் பூட்டை நூலில் கட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு காட்டில் நடப்பார். பூட்டு முன்னும் பின்னும் ஆடினால் அடியில் பாறை. வட்டமடித்தால் தண்ணீர். எனக்கு இதைக் கேட்டதுமே டீச்சர் குரல் கேட்டது.

மாமா சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதை நான் பிள்ளையார் கோவில் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு நேர் பாதை இருக்க, பெரியப்பா வீட்டுச் சந்துக்குள் திரும்பினார். நல்ல நேரம் கழித்துத்தான் எங்கள் வாசலுக்கு வந்தார். "இப்பத்தேன் எறங்கி வாரேன், ஒரே கூட்டம்" என்றார். அம்மா காபி கொடுத்தாள். பாதி தம்ளரோடு வைத்துவிட்டார். காபிக்கு உயிரை விடுகிற மனிதர்!

அப்பா இதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தும் கேட்கவில்லை. பால்காரன் கொஞ்ச நேரம் தாமதமாக வந்தாலே எங்கே போனாய் என்று கேட்கிறவள் அம்மா. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். கூடைக்கு அடியில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. எங்களுடையது இல்லை. மூடியில் இருந்த நெளிவை எனக்கு நன்றாகத் தெரியும், பெரியம்மா வீட்டுச் சட்டி.

படுத்தபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். விடை பளிச்சென்று வந்தது. மாமாவைப் பெரியப்பா தன் பக்கம் இழுத்துவிட்டார். நாளைக்குப் பூட்டு பெரியப்பா காட்டில் வட்டமடிக்கும். கிணறு அவருக்கு, காய்ந்த மல்லிகை எங்களுக்கு, வீட்டு அடுப்படி எனக்கு. அம்மா பாவம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற ஒரு சட்டி வெஞ்சனத்தில் ஏமாந்து போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் காட்டுக்குப் போனோம். பெரியப்பாவும் வந்து, தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பது போல் தன் பக்கத்தில் நின்றுகொண்டார். பெரியம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள், களையே இல்லாத இடத்தில். அம்மா கையில் கூழ் கொண்டுவந்த அந்த நெளிந்த தூக்குச்சட்டி. அதை இரண்டு காட்டுக்கும் நடுவரப்பில், ஒரு எருக்கஞ்செடிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

மாமா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். எங்கள் தென்மூலையில் பூட்டு முன்னும் பின்னும் ஆடியது. "பாறை மச்சான்" என்றார். அப்பா முகம் சுருங்கியது. நான் எதிர்பார்த்தபடியே மாமா வரப்பைத் தாண்டிப் பெரியப்பா காட்டுக்குள் போனார். பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அங்கேயும் முன்னும் பின்னும்தான். பெரியப்பா முகமும் சுருங்கியது. என் கணக்கு இடித்தது. மாமா திரும்பி வந்து வரப்பு மேலேயே நடந்தார். எருக்கஞ்செடி கிட்டே வந்ததும் பூட்டு தயங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, அப்புறம் ராட்டினம் மாதிரிச் சுற்ற ஆரம்பித்தது.

"இங்கனதேன்! அம்புட்டு ஊத்தும் இங்கனதேன் இருக்கு" என்றார் மாமா, மூச்சு வாங்க.

எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள். நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். சட்டைக்கைக்குக் கீழே நரம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, உங்க கை ஆடுது."

"ஆடத்தான் செய்யும் மருமகளே. தண்ணி இழுக்குதுல்ல?"

"தண்ணி பூட்டைத்தானே இழுக்கும்? உங்க கை எதுக்கு? பூட்டை இப்படிக் கொடுங்க."

அப்பா என்னை அதட்டுவார் என்று நினைத்தேன், அதட்டவில்லை. நான் தயாராகத்தான் வந்திருந்தேன். மூன்று குச்சிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி முக்காலி போல் செய்து வைத்திருந்தேன். மாமா காட்டிய இடத்திலேயே அதை நிறுத்தினேன். கால் ஊன்ற இடைஞ்சலாக இருந்த தூக்குச்சட்டியை எடுத்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். நடுவில் பூட்டைத் தொங்கவிட்டு, காற்று படாமல் பாவாடையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூட்டு கொஞ்சம் அசைந்தது. பிறகு அசைவு குறைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. சாவித்துவாரம் என்னைப் பார்த்தபடி இருந்தது.

"பாத்தீங்களா? ஆடல! மாமாதான் ஆட்டுனாரு!"

மாமா தலையைச் சொறிந்தார். பெரியம்மா இல்லாத களையைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது வெடிப்பார், மாமாவை வரப்பிலிருந்து இறக்கி விரட்டுவார் என்று காத்திருந்தேன்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் மாடு இல்லை. என் முக்காலிக்கு முன்னால் வந்து குனிந்து பூட்டைப் பார்த்தார்.

"ஏ பூட்டு. நீ ஆடாட்டி போ. வரப்புல தோண்டுனா ஆளுக்குப் பாதி எடம்தேன் போகும். அதைச் சொல்லு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவரும் பூட்டையே பார்த்தார்.

"முறை வச்சு எறைக்கணும்னு சொல்லு பூட்டு. பழையபடி தகராறு ஆகக் கூடாது."

"பகல்ல அவுகளே எறைக்கட்டும். ராத்திரி நான் முழிச்சுக்கிருவேன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

"ராத்திரி முழிக்கிற வயசா இதுன்னு கேளு."

எனக்கு அழுகை வந்தது. பித்தலாட்டத்தைக் கண்டுபிடிக்க நான் கட்டிய கருவி அது. அதைப் போய் மாட்டுக்கும் நாய்க்கும் பதிலாக நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அது ஆடவே இல்ல பெரியப்பா!" என்று கத்தினேன்.

"ஆடலதான் தாயி. பாத்தோம்ல" என்றார் பெரியப்பா, ரொம்பப் பிரியமாக.

பேச்சு, கிணறு வெட்ட ஆள் பிடிப்பது, பாறை வந்தால் வெடி வைப்பது என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அப்பா பூட்டை மறந்துவிட்டார். தலையை நிமிர்த்தி, "எம்புட்டு ஆழம் போகணும்ணே?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

பெரியப்பா சட்டென்று திரும்பித் தென்னை மரத்தைப் பார்க்கப் போய்விட்டார், இந்தத் தடவை நிஜமாகவே முகத்தைத் தூக்கி. அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து எல்லோருக்கும் கூழ் ஊற்றினாள். நான் குடிக்க மாட்டேன் என்றுவிட்டேன்.

கிணறு அந்த வரப்பில்தான் வெட்டப்பட்டது. பாறை வந்தது, வெடி வைத்தார்கள், ஒருநாள் ஊற்றும் வந்தது. மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து போனார். இரண்டு காட்டில் எங்கே அந்த ஆழம் தோண்டியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்கலாம், இது நிரூபணம் ஆகாது என்று சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மல்லிகை தழைத்தது. நான் பத்தாம் வகுப்புக்கும் பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன், புதுக் கிணற்று விளிம்பில் நின்று ஒரு கல்லைப் போட்டேன். ளொபக் என்று வந்தது.

வழக்கில் ஜெயித்தது நான்தான் என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். ஆட்டியது மாமாவின் கை. கண்டுபிடித்தாயிற்று, முடிந்தது. எதுவும் தானாக ஆடாது என்றால் மாமாவின் கையும் தானாக ஆடியிருக்காது என்பது மட்டும் அந்த சி.ஐ.டி.க்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை அவர் பெரியப்பா வீட்டில் குடித்த காபி யார் போட்டது, அந்தச் சட்டி எங்கள் அடுப்படிக்கு எப்படி வந்தது, அதைக் கொண்டுபோய் நடுவரப்பில் எருக்கஞ்செடிப் பக்கத்தில் வைத்தது யார் என்று எல்லாவற்றுக்கும் தடயத்தை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அடையாளத்துக்கு வைத்த சட்டியை இடைஞ்சல் என்று நகர்த்தியதும் என் கைதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். நீயும் பெரியம்மாவும் சேர்ந்துதானே அந்த இடத்தில் சட்டியை வைத்தீர்கள் என்று. அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தச் சட்டி?" என்றாள்.