மிச்சத் தண்ணீர்

வீட்டில் ஆர்.ஓ. மிஷின் மாட்டிய அன்றே என் கணவருக்கு வாளிப் பைத்தியம் பிடித்துவிட்டது. வில்லாபுரத்தில் எங்கள் தெருவின் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. மிஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் அதைவிட அதிகமாகக் கழிவுக் குழாயில் தள்ளிவிடும். அந்தக் குழாய்க்கு அடியில் நீல வாளி ஒன்றை வைத்தார். "இம்புட்டுத் தண்ணியும் சாக்கடைக்குப் போறதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றார்.

ரிட்டையர் ஆனதிலிருந்தே ஆள் அப்படித்தான். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அன்று முழுக்க எனக்கு அர்ச்சனைதான். கரண்ட் பில் குறைந்தது, லாரித் தண்ணீர் வாங்குவது நின்றது. "கஞ்ச மகராசா" என்று கேலி செய்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

வாளித் தண்ணீரில் நான் வீடு துடைத்தேன். மிச்சத்தை அவர் வாசல் மல்லிகைக்கு ஊற்றினார்.

அந்த மல்லிகை எங்கள் மகள் காலேஜ் படிக்கும்போது வைத்தது. கல்யாணமாகித் திருமங்கலம் போன அன்று காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி, "அப்பா, என் செடியப் பாத்துக்கங்க" என்றாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்ததும் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "தலைக்கு நம்ம செடிப் பூ கொண்டு வாங்கப்பா."

வெயில் ஏற ஏற அவரும் கூடுதலாக ஊற்றினார். இலை ஓரம் கருகியபோது வெயில்தான் என்று நினைத்தோம். வெயில் என்றால் என்ன செய்வோம்? இன்னொரு வாளி ஊற்றுவோம். அப்படியே ஊற்றினார் மனிதர்.

மொட்டு வைக்க வேண்டிய நேரத்தில் இலையெல்லாம் கொட்டியது. ஒரு காலையில் வேரடியில் மண் வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்தேன். அதே வெள்ளை நீல வாளியின் உள்பக்கத்திலும் படிந்திருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார். மிஷின் எங்களுக்காகப் பிரித்தெடுத்த உப்பையெல்லாம் அந்தச் செடிதான் குடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு குடிக்கிற தண்ணீரையே குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினார். நான் தடுக்கவில்லை. செடி துளிர்க்கவில்லை. கிளையைத் தொட்டால் படக்கென்று ஒடிந்தது.

"அவகிட்ட சொல்லிருவோங்க" என்றேன்.

"வளைகாப்பு முடியட்டும். மாசமா இருக்கற புள்ள."

வளைகாப்பு அன்று விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகையை மொட்டாக வாங்கி வந்தார். கடையில் கட்டிய சரம் என்றால் கண்டுபிடித்துவிடுவாளாம். நான்தான் உட்கார்ந்து நெருக்கமாகத் தொடுத்தேன், வீட்டுப் பூவைத் தொடுப்பது போலவே.

திருமங்கலத்தில் அவள் தலையில் வைத்துவிட்டேன். சரத்தின் நுனியை முன்னால் இழுத்து மோந்துவிட்டு, மாமியாரிடம் சொன்னாள்: "என்ன இருந்தாலும் எங்க வீட்டுப் பூ தனிதான் அத்தை. கடைப் பூவுக்கு இந்த வாசம் வருமா?"

என் கணவர் பந்தியைக் கவனிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டார். சாப்பிட ஐந்து வகைச் சாதம் இருந்தும் அவர் இலையில் ஒன்றும் குறையவில்லை.

சாயங்காலம் மகளை எங்களோடு கூட்டிவந்தோம். கப்பலூர் தாண்டும் வரை வளையல் குலுங்கப் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் கார் நின்றதும் அவர் முந்திக்கொண்டு இறங்கினார். அவள் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி, "செடிய நான் கொன்னுட்டேம்மா" என்றார்.

அவள் மதில் ஓரத்தில் காய்ந்து நின்ற செடியைப் பார்த்தாள். பிறகு கையைத் தலைக்குக் கொண்டுபோய் அந்தப் பூவைத் தொட்டாள்.