ஆடி கழியட்டும் என்றேன்

என் வீட்டுக்காரருக்குச் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்ததை முதலில் கவனித்தது நான்தான். காரியத்தைக் கெடுத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக நியாயம் பேச எனக்கு வாய் நீண்டுவிடும். அவர் இப்போது உள்ளறையில் படுத்திருக்கிறார். நான் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குருபோங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. அவர் லோரி ஓட்டினார். சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றிப் பிசைந்தால், நான் தட்டெடுத்து உட்காருவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுகிற மனுஷர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வாய்க்கு வாய் தண்ணீர் குடித்தார்.

"என்னங்க, காரமா?" என்றேன்.

"இல்ல லா, கொஞ்சம் அடைக்குது. நீ சாப்பிடு."

அடுத்த வாரம் கோழிக்கறியைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தார். ஒதுக்கியதை நான் பார்க்கக் கூடாதென்று அதன்மேல் அப்பளத்தை வைத்து மூடினார். மறுநாள் காலையிலேயே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களுக்கு டாக்டர் என்றால் கொஞ்சம் தள்ளி ரெம்பியா ஊரில் இருப்பவர்தான். குருபோங்கில் கிளினிக்குகளுக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஒன்றிலும் என் மனசு ஒட்டியதில்லை. உள்ளே போனால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாளாக என்று கேட்பார்கள். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் மருந்துப் பை கைக்கு வந்துவிடும். ரெம்பியாக்காரர் கைராசிக்காரர். நாங்கள் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது என் மூத்த மகளின் இழுப்பைக் குணமாக்கியவர். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விசாரிப்பார், கை நாடி பிடிப்பார், கிண்டலடிப்பார். அதற்காகவே ஊர்க்கூட்டம் முழுக்க அங்கே கிடக்கும். காலை ஏழு மணிக்குப் போய் நம்பர் எடுத்தால் பதினோரு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். நான்கு மணி நேரம் யார் யாருக்கு எங்கெங்கே வலி என்ற கதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல டாக்டர் என்றால் அப்படித்தான் என்று பெருமையாகவே உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு டாக்டர் கிண்டலடிக்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், எடை பார்த்தார். பழைய அட்டையைத் தேடி எடுத்துப் போன வருஷத்து எடையோடு ஒப்பிட்டார். பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்.

"அம்மா, இது இங்க பாக்கற விஷயமில்ல. பெரியாஸ்பத்திரியில வாய் வழியா குழாய் விட்டு உள்ள பாக்கணும், ஸ்கோப்னு சொல்வாங்க. நாளைக்கே போய் இந்த லெட்டரக் குடுத்து தேதி வாங்கிடுங்க."

"நீங்களே ஒரு ஊசி போட்டுட்டா..."

"ஊசிக்கெல்லாம் கேக்காதும்மா. நாளைக்கே போங்க."

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். ஆடி பிறந்து மூன்று நாள்.

என் அண்ணன் ஓர் ஆடியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். சட்டையெல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போனவன், பொட்டலமாகத்தான் திரும்பி வந்தான். அதிலிருந்து ஆடி மாதத்தில் நான் புதுத் துடைப்பம்கூட வாங்குவதில்லை. கடிதத்தைச் சாமி மேடையில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். உறையின் மூலையில் குங்குமமும் வைத்தேன்.

"நாளைக்கே போகச் சொன்னாரே டாக்டரு," என்றார் அவர்.

"வெறும் தேதிதானே வாங்கப் போறோம்? அது எங்க ஓடிடப் போகுது? ஆடியில எதையும் ஆரம்பிக்க வேணாங்க. கழியட்டும். ஆவணி மொத நாளு நானே கூட்டிட்டுப் போறேன்."

"உன் இஷ்டம்," என்றார். ஒரு தடவையாவது என்னைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். முப்பது வருஷமாக என் வாய்க்குப் பயந்தே பழகிய மனுஷர், அன்றைக்கும் பயந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி மாதா கோயிலுக்குப் போகிறவள். விஷயம் கேட்டு ஓடி வந்தாள். "அக்கா, நோயி மாசம் பாத்தா வருது? நாளைக்கு எங்க வீட்டுக்காரரு கார்லயே போயிடுங்க," என்றாள். ஒங்க வேதத்துல ஆடி இல்ல, எங்களுக்கு இருக்கு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சரி, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நானும் நின்று ஊற்றினேன். ஒரு தூக்கு நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார். அடைக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு நல்லாயிடுச்சு என்று சொன்னேன். கூழ் யாருக்குத்தான் அடைக்கும்? அந்தப் புத்திகூட எனக்கு அன்றைக்கு இல்லை.

ஆவணி முதல் நாள், நல்ல நேரம் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் உறையைப் பிரித்துப் படித்தாள். குங்குமம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது, டிஷ்யூவில் துடைத்தாள். உள்ளே போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து டிசம்பர் கடைசியில் ஒரு தேதி கொடுத்தாள். நான்கு மாதமா என்று கேட்டேன். இந்தக் கடிதம் போன மாதத்துடையது, அப்போதே வந்திருந்தால் செப்டம்பரில் இடம் இருந்தது ஆன்ட்டி, இப்போது எல்லாம் நிரம்பிவிட்டது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னாள். அவளுக்கு மலாயில்தான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் தேதி அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா, போலாம்," என்றார்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு வழியில்லை. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் பிடித்து அந்தக் கவுண்டருக்குப் போனேன். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன். எத்தனை பேர் என்னைப்போல உட்கார்ந்திருந்தார்கள்! இன்றைக்கு யாராவது வராமல் போகட்டும் தாயே என்று வேண்டிக்கொள்வேன். ஸ்கோப்புக்கு நாள் குறித்த நோயாளி எதனால் வராமல் போவார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வேண்டினேன். எல்லாரும் வந்தார்கள்.

வீட்டில் சோறு கஞ்சியானது. கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். தீபாவளிக்கு, பிள்ளைகளுக்காக ஆட்டுக்கறி ஆக்கச் சொன்னார். எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டுச் சாறு உறிஞ்சிவிட்டு, டிஷ்யூவில் துப்பி மடித்து வைத்தார். "உப்பு சரியா இருக்கு," என்றார். மகள் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீபாவளி கழிந்த மறுநாள் ரெம்பியாவுக்கு ஓடினேன், அவரையும் இழுத்துக்கொண்டு. அதே கூட்டம், அதே நான்கு மணி நேரம். டாக்டர் அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னும் ஸ்கோப் பண்ணலையா? நாளைக்கே போகச் சொன்னேனேம்மா!"

"போனோம் டாக்டர், தேதிதான் கெடைக்கல," என்றேன். வாய் கூசாமல் வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எங்கெங்கோ போன் போட்டார், இன்னொரு கடிதம் எழுதினார். அந்தக் கைராசிக்காரரால் முடிந்தது பத்து நாள் முன்னால் தள்ளுவதுதான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்கோப் எடுத்து, ஸ்கேன் எடுத்து, சதைப் பரிசோதனை முடிவெல்லாம் வந்து, கடைசியில் ஸ்பெஷலிஸ்ட் எங்களைக் கூப்பிட்டபோது புது வருஷம் பிறந்துவிட்டது. அன்றைக்கும் காலையிலிருந்து மூன்று மணி வரை காத்திருந்தோம். தமிழ்ப் பெண்தான், என் மகள் வயதிருக்கும். நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உணவுக் குழாயில் கட்டி பெரிதாகிவிட்டது, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி ஆபரேஷன் செய்ய முடியாது என்றாள். வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்தால் பால் ஊற்றலாம், வலிக்கு மருந்து தரலாம் என்றாள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவள் ஃபைலைப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள்.

"மொத லெட்டர் ஜூலையில எழுதியிருக்காங்க. ஆகஸ்ட்லதான் கவுண்டர்ல குடுத்திருக்கீங்க. நடுவுல ஒரு மாசம் ஏன் வரல?"

என் வீட்டுக்காரருக்கு அதற்குள் குரலே கம்மிப்போயிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குவார். அந்தக் குரலில் அவர்தான் பேசினார்.

"வேல டாக்டர். லீவு கெடைக்கல. இவ தெனம் போகச் சொன்னா. நான்தான் கேக்கல."

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலையா அங்கிள் முக்கியம்? ஒரு நாள் எம்சி லீவு எடுக்க முடியாதா? அவங்க சொன்னதக் கேட்டிருந்தா நாங்க ஏதாவது செஞ்சிருப்போம்ல?" என்று ஏசினாள். அவர் தலையைத் தலையை ஆட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்து, "நீங்க சொல்லித்தான் பாத்திருக்கீங்க, என்ன ஆன்ட்டி?" என்றாள்.

"ஆமா டாக்டர்," என்றேன். "கேக்கவே மாட்டேன்னுட்டாரு."