ஸ்டோரில் வைத்த பன்னிரண்டு மெழுகுவர்த்திகள்

திங்கட்கிழமை காலை, நான் செய்த பன்னிரண்டு மெழுகுவர்த்திகளும் எனக்குக் குனிந்து கும்பிடு போட்டன.

(மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஆனால் மெழுகுவர்த்திக்கு எதற்கு மரியாதை?)

முதலிலிருந்து சொல்கிறேன். ரொம்ப அசதியாக இருக்கிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமுளி பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, கதவைச் சாத்தி, வெளியே விறகு அடுப்பை மூட்டி அந்தச் சூட்டில் காயவைக்கிற அறை. காய்ந்ததைத் தேய்ப்பது, புடைப்பது, தரம் பிரிப்பது எல்லாம் நாங்கள்தான். அந்தத் தூசி நெஞ்சுக்குள் இறங்கி, இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. வேறு வேலை பாருங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எங்கள் வார்டு பெண்கள் குழுவில் மெழுகுவர்த்தி வகுப்பு வந்தது.

பத்து நாள் வகுப்பு, தினமும் நாலரை மணிக்கு. கடைசியில் ஆளுக்குப் பன்னிரண்டு செய்து காட்ட வேண்டும். நன்றாகச் செய்கிற ஐந்து பேர் சேர்ந்து, ஹோம்ஸ்டேக்களுக்கு வாசனை மெழுகுவர்த்தி செய்து கொடுக்கிற யூனிட் ஆரம்பிக்கலாம்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தியாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. தூசி இல்லாத வேலை. அதற்கு மேல் எனக்கு ஆசையே இல்லை.

மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாதாம். கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். அச்சில் திரியை இழுத்துக் கட்டி ஊற்றினால், ஆறும்போது நடுவில் குழி விழும். குழி நிரம்ப மறுபடி ஊற்ற வேண்டும். பகலெல்லாம் ஸ்டோரில் நின்ற காலோடு இதையும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். (உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்!)

நான் முதலில் செய்த நாலும் பற்றவைத்ததும் படபடவென்று வெடித்தன. டீச்சர் சமவெளிப் பக்கத்திலிருந்து வந்த மலையாளப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். வெடித்ததைப் பார்த்துவிட்டு அவர் பாதித் தமிழில் சொன்னார்:

"திரியில ஈரம் சேச்சி. ஈரமே இல்லாத எடத்துல வைக்கணும், கேட்டோ?"

குமுளியில், இந்த மழையில், ஈரம் இல்லாத இடம்.

எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் கசிகிறது. தீப்பெட்டியை உரசினால் மருந்து உதிர்ந்து கையோடு வருகிறது. எது காய வேண்டுமென்றாலும் இங்கே எல்லோரும் ஸ்டோருக்குத்தான் கொண்டுவருவோம். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஷூ, அப்பளம், ஒருமுறை என்னோடு வேலை செய்கிற செல்வியின் மகளுடைய மார்க் ஷீட். அதில் யோசிக்க ஒன்றுமே கிடையாது.

நானும் யோசிக்கவில்லை. வாசனைக்குப் புல்தைலம் கலந்து அருமையாகப் பன்னிரண்டு செய்து, சனிக்கிழமை கொண்டுபோய் காயறையின் மூலை அலமாரியில் பேப்பர் விரித்து நிற்கவைத்தேன். செவ்வாய் வரை காய் வராது, அடுப்பு எரியாது என்று மேஸ்திரியிடம் கேட்டும் கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் காய் வந்துவிட்டது.

பதினோரு வருடப் பழக்கம். கை தானாக வேலை செய்தது. தட்டுகளை அடுக்கினேன், கதவைச் சாத்தினேன், அடுப்பை மூட்டினேன். எல்லாம் நானே. வேறு யாரையும் திட்டக்கூட வழியில்லை.

கொஞ்ச நேரம் கழித்து செல்வி மூக்கை உறிஞ்சினாள்.

"யக்கா, இன்னைக்கு யாரு தரை தொடச்சது? புல்தைலம் வாசம் தூக்குதே."

யாரும் துடைக்கவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே கதவைப் பார்த்து ஓடினேன்.

உருகி ஓடவில்லை. அத்தனையும் இடுப்பில் வளைந்து குனிந்து நின்றன. (முதலாளியின் ஏலக்காய்மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அதனால்தான் இந்தப் பதிவை எழுத உயிரோடு இருக்கிறேன்.)

எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை, காயைக் கிளற வேண்டும்.

சாயங்காலம் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஸ்டோரில் ஏன் வைத்தீர்கள் என்று டீச்சர் கேட்டார்.

"டீச்சரே, எங்களுக்குக் காயிற எடம்னா அது ஒண்ணுதான். வேற எடம் எங்களுக்குத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. வளைந்ததில் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். வெடிக்காமல், புகையாமல் எரிந்தது.

"சாரமில்ல சேச்சி. ஈரம் கொஞ்சமும் இல்ல. உருக்கி மறுபடி ஊத்துங்க. வியாழக்கிழமை வரைக்கும் நான் காத்திருக்கேன்."

பரவாயில்லை என்பதைத்தான் மலையாளத்தில் சாரமில்லை என்பார்கள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டே நாளில் மறுபடி பன்னிரண்டு. இந்தமுறை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். ஜீப் ஓட்டிவிட்டு வந்த களைப்பில், கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"பீரோவுல வையி. இந்த வீட்டுல ஈரம் படாம இருக்குறது ஒம் பட்டுச்சேல ஒண்ணுதான்."

நல்ல யோசனை. சேலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டும் நேராக நின்றன. ஐந்து பேர் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. ஆனால் இந்தப் பருவம் முடியும்வரை ஸ்டோரை விட முடியாது. அதுவரை பகலில் ஏலக்காய், சாயங்காலம் மெழுகு. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நிற்கத்தான் தெம்பில்லை.

இன்று காலை காய் வந்தது. செல்வி உள்ளே தட்டுகளை அடுக்கிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டாள்:

"யக்கா, மூலை அலமாரில ஒரு பட்டுச்சேல இருக்கு. யாருதுன்னு தெரியல. அடுப்பப் பத்தவைக்கட்டுமா?"

இன்னும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

ஈரமும் படாமல், சூடும் படாமல் உங்கள் வீட்டில் ஏதாவது ஓர் இடம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு சேலை, பன்னிரண்டு மெழுகுவர்த்தி. முடிந்தால் நானும் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன்.