டெல்மரின் இடது பாதம்

என் தம்பி டெல்மர் சும்மா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அயோவாவில் எங்கள் வட்டாரச் சாலைகளில் இருபத்தாறு குளிர்காலமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். சர்க்கரை வந்து பதினோரு வருஷம். பாதத்தில் உணர்ச்சி குறைந்து மூன்று வருஷம். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் புண் கழுவிக் கட்டுப்போட்டவள் நான்.

அவன் மனைவி லவான் ஆறு வருஷம் திட்டம் போட்டு, இரண்டு பக்கத்து உறவுகளிலும் பதினாலு பேரை விடுமுறைக்காக மொலோகாய் என்ற வெப்பத் தீவுக்கு அழைத்து வந்திருந்தாள். செருப்பை வாசலில் விட வேண்டும் என்பது வாடகை வீட்டின் முதல் விதி. மூன்றாம் நாள் காலை, சமையலறையின் வெள்ளைத் தரையில் டெல்மர் காபிக் கோப்பையோடு நடந்தான். நொண்டவே இல்லை. ஆனால் இடது காலுறை அடிக்கொரு பழுப்பு ஈரத்தடம் வைத்தது.

அவனைக் குளியலறைக்குள் இழுத்து, உட்காரவைத்து, காலுறையைக் கழற்றினேன். சுண்டுவிரலுக்குக் கீழே கருவேல முள். அந்தத் தீவின் கடற்கரை மணல் முழுக்கக் கிடக்கிறது, ரப்பர் செருப்பையும் துளைக்கும். முனை உள்ளேயே முறிந்திருந்தது. நாற்றம் வேறு.

"எத்தனை நாளா?"

"முந்தாநேத்துல இருந்து ஈரமா இருக்கு."

"கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"சாயங்காலம் போட்டோ இருக்குக்கா. அதுக்குன்னே லவான் எல்லாருக்கும் ஒரே கலர்ல சட்டை வாங்கியிருக்கா. இப்ப நான் படுத்தா மொத்தப் பேரும் மூட்டை கட்டிருவாங்க."

"நம்ம அண்ணனுக்கு இதே சர்க்கரைப் புண்ணுல காலை முழங்காலோட எடுத்தாங்களே, மறந்துட்டியா?"

"அவன் ரெண்டு மாசம் மறைச்சான். எனக்கு ரெண்டு நாள்தானே. லவான்கிட்ட சொல்லிராதே."

கழுவிக் கட்டினேன். சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். "சிவப்பு இதைத் தாண்டட்டும், அப்புறம் போட்டோவாவது மண்ணாவது" என்றேன். தலையாட்டினான். லவானிடம் நான் சொல்லவில்லை.

மதியம் காலைக் காட்டச் சொன்னேன். கறி சுடும் அடுப்பருகே நின்றுகொண்டு, "கருகிரும்க்கா, அப்புறம்" என்றான். மூன்று மணிக்குக் கேட்டபோது ஆளையே காணோம்.

ஐந்து மணிக்கு எல்லோரும் நீலச் சட்டையில் கரையில் கூடினோம். வெறுங்காலோடு அலையில் நிற்க வேண்டும் என்பது லவானின் கட்டளை.

"அப்பா, இங்க பனி கொட்டாது. சாக்ஸைக் கழட்டுங்க" என்றாள் அவன் மகள் ஹைடி.

"என் விரலைப் பார்த்தா உன் கேமரா உடைஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காலுறையோடே தண்ணீரை நோக்கி நடந்தான். அத்தனை வெயிலிலும் அவன் தோள் நடுங்குவதைப் பார்த்தேன்.

"டெல்மர், நில்லு. அங்கேயே உட்காரு."

"ஒரே நிமிஷம்க்கா."

"அந்தப் புண்ணோட கடல்ல கால் வச்சே, காலையே மறந்துரு."

சிரிப்பு நின்றது. மணலில் உட்கார வைத்துக் காலுறையை உருவிக் கட்டை அவிழ்த்தேன். சிவப்பு என் கோட்டைத் தாண்டிக் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"அண்ணி, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் லவான்.

"காலையில."

"காலையிலயா? எங்கிட்டச் சொல்ல வாய் வரலையா?"

ஹைடி காரை எடுத்தாள். தீவின் சிறிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அன்றே விமானத்தில் ஹொனலூலு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. காலையிலேயே வந்திருந்தால் ஒரு விரலாவது மிஞ்சியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"எட்டு போதும்க்கா, லாரி எண்ணிப் பார்க்காது" என்றான் டெல்மர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாருடைய காலாக இருந்தாலும் காபி ஆறுவதற்குள் வண்டியில் ஏற்றியிருப்பேன். தம்பி கெஞ்சினான் என்று ஒரு பகலை விட்டுக்கொடுத்தேன்.

லவான் என்னோடு மறுபடி பேச எட்டு மாதம் ஆனது. அவள் கோபம் நியாயம்தான்.